வெட்டி இழுக்கும் கார்: கோளாறு கியர்பாக்ஸில்தானா?

நான்காவது கியர், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், சற்றே ஏற்றமான சாலை. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் கார் சீராக முன்னேறாமல் வெட்டி வெட்டி இழுக்கிறது. உள்ளே இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. காலை எடுத்தால் வெட்டு நின்றுவிடுகிறது. சில மாதங்களுக்கு முன்புதான் எஞ்சினை ரீமேப் செய்து, அதாவது அதன் கணினி மென்பொருளை மாற்றி எழுதி, பெரிய ஏர் ஃபில்டரும் அகலமான டயரும் மாட்டிய கார் அது. பட்டறையில் முதலில் எழும் சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: “கியர்பாக்ஸ் போச்சு, இறக்கிப் பார்த்துடலாம்.”

இறக்கிப் பார்ப்பது சின்ன வேலை அல்ல. ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டும் கூலியே கையைக் கடிக்கும். உள்ளே கிளட்ச் தொகுதியையோ கட்டுப்பாட்டுப் பகுதியையோ மாற்ற நேர்ந்தால் செலவு எங்கோ போய்விடும். அத்தனையும் செலவழித்த பிறகும் கார் அதே ஏற்றத்தில் அதே மாதிரி வெட்டினால்? மாற்றியமைத்த கார்களில் இப்படி நடக்கக் காரணம் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி கணக்கிடப்பட்டவை. அவற்றில் ஒன்றை மாற்றினால், கோளாறு வெளிப்படும் இடம் ஒன்றாகவும் அதற்கான காரணம் ஒளிந்திருக்கும் இடம் வேறாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வெட்டு எதனோடு சேர்ந்து மாறுகிறது? எஞ்சின் சுற்றோடா, சக்கரத்தின் வேகத்தோடா, குறிப்பிட்ட ஒரு கியரோடா, காலின் அழுத்தத்தோடா?

சீரான வேகத்தை உடல் உணர்வதில்லை. முடுக்கத்தை உணர்கிறது, முடுக்கம் திடீரென்று மாறுவதை இன்னும் கூர்மையாக உணர்கிறது. ஒரு வினாடியில் முடுக்கம் எவ்வளவு மாறுகிறது என்பதே இயற்பியலில் ஜெர்க் எனப்படும் அளவு. கார் வெட்டுகிறது என்றால் சக்கரங்களுக்கு வந்துசேரும் முறுக்குவிசை, அதாவது டார்க், ஏறி இறங்குகிறது என்று பொருள். அந்த டார்க் வரும் பாதை நீளமானது: சிலிண்டருக்குள் எரியும் பெட்ரோல், பிஸ்டன், கிராங்க், ஃபிளைவீல், கிளட்ச், கியர்கள், டிஃபரன்ஷியல், ஆக்சில், டயர். இவற்றில் எந்தக் கண்ணி தடுமாறினாலும் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு உணர்வு ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர்கூட ஏமாறுகிறார். எங்கிருந்து வருகிறது என்று உடம்பால் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கண்ணியும் தனக்கே உரிய தாளத்தில் தடுமாறும். அந்தத் தாளத்தை எண்ணிவிடலாம்.

ஒரு கணக்கு. 185/60 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 603 மில்லிமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் அது வினாடிக்கு 8.8 முறை சுழலும். டயரோ ரிம்மோ சமநிலை தவறியிருந்தால் வினாடிக்கு ஒன்பது முறைக்குச் சற்றுக் குறைவாக உதறும். முன்சக்கர இயக்கக் கார்களின் ஆக்சிலில் கியர்பாக்ஸ் பக்கம் பெரும்பாலும் மூன்று உருளைகள் கொண்ட டிரைபாட் இணைப்பு இருக்கும். அது தேய்ந்தாலோ, இயங்கும் கோணம் அதிகமானாலோ ஒரு சுற்றுக்கு மூன்று முறை பக்கவாட்டில் தள்ளும். அதாவது 60 கிலோமீட்டரில் வினாடிக்கு 26 முறைக்குச் சற்று மேல். எஞ்சின் பக்கத்துக் கணக்கு வேறு. நான்கு சிலிண்டர் எஞ்சின் 2,400 சுற்றில் ஓடும்போது கிராங்க் வினாடிக்கு 40 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் விட்டால், அதாவது பட்டறை மொழியில் ‘மிஸ்ஸிங்’ அடித்தால், வினாடிக்கு 20 முறை இழுப்பு விட்டுப்போகும்.

இப்போது வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் ஒன்று குறைக்கலாம். எஞ்சின் 3,200 சுற்றுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரமும் ஆக்சிலும் முன்பு சுழன்ற அதே வேகத்தில்தான் சுழல்கின்றன. வெட்டு 20-லிருந்து 26.7-க்கு ஏறினால் எஞ்சின் பக்கம், முதலிலிருந்தே 26.4 ஆக இருந்து அசையாமல் நின்றால் ஆக்சில் பக்கம். ஒரே ஒரு கியரில் மட்டும் அளந்தவர் இங்கே குழம்பிப்போவார். மூன்றாவது கியரில் இரண்டு கோளாறுகளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆகவே எண்ணைக் காட்டிலும் அது மாறுகிறதா, நிற்கிறதா என்பதே முக்கியம்.

இதை அளக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். இன்றைய கைபேசிகளில் உள்ள முடுக்கமானி பொதுவாக வினாடிக்கு நூறு முறைக்கு மேல் அளக்கக்கூடியது. ஓர் அதிர்வைப் பிடிக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அடிக்கடி அளந்தால் போதும் என்பதால் 30 ஹெர்ட்ஸ் வரை சிக்கல் இல்லை. ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ செயலி இலவசம். அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைபடமாகவே காட்டிவிடும். கைபேசியை டேஷ்போர்டில் ஆடும் பிடிப்பானில் வைக்காமல் இருக்கைத் தண்டவாளத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். ஓட்டுபவர் ஓட்ட, அளவை இன்னொருவர் பார்க்க வேண்டும். முழு அழுத்தத்தில் செய்யும் சோதனைகளுக்குப் பொதுச் சாலை ஏற்ற இடம் அல்ல. உருளைகள் மேல் காரை ஓடவிடும் டைனோ இருந்தால் நல்லது. இல்லையேல் கோவை செட்டிப்பாளையத்துக் காரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை போன்ற மூடிய பந்தயத் தடங்களில் அனுமதி பெற்று ஓட்டலாம்.

கியர்பாக்ஸ் மேல் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி இன்னும் எளியது. கியர்கள் பற்களால் பிணைந்தவை. கிளட்ச் வழுக்காத வரை, ஒரு கியரில் எஞ்சின் சுற்றுக்கும் வண்டி வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே முடியாது. 60 கிலோமீட்டரில் 2,400 சுற்று என்றால் 66-ல் 2,640. அந்த இடத்தில் 3,000 என்று காட்டினால் நடுவில் ஏதோ வழுக்குகிறது. வெட்டு கடுமையாக இருக்கும்போதும் விகிதம் இம்மியும் அசையவில்லை என்றால், கிளட்ச் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்சில் பக்கம் இல்லை என்று முந்தைய சோதனையில் தெரிந்திருந்தால், டார்க் ஏறி இறங்குவது கிளட்சுக்கு முன்னாலேயே. கியர்பாக்ஸை இறக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிட வலுவான சான்று குறைவு.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் கண்டறி இணைப்பில் இஎல்எம்327 வகைச் சிறு கருவியைச் செருகினால் எஞ்சின் சுற்று, வண்டி வேகம் ஆகிய இரண்டு எண்களும் கைபேசிக்கு வந்துவிடும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான இந்த ஓபிடி-2 ஏற்பாடு இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் எல்லையையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மலிவான கருவி வினாடிக்குச் சில அளவுகளையே வாங்கித் தரும். வேகத்தை முழுக் கிலோமீட்டராக மட்டுமே சொல்லும். வழுக்கலைப் பிடிக்க அது போதும், 20 ஹெர்ட்ஸ் மிஸ்ஸிங்கைப் பிடிக்காது. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் லாக் ஆகாத நேரத்தில் விகிதம் இயல்பாகவே மாறும். சிவிடி வகையில் மாறுவதே அதன் தொழில். இந்த இரண்டு வகைகளிலும் மேற்படி சோதனையை நேரடியாகப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

விகிதம் நிலையாக இருந்து கார் வெட்டினால் முதலில் கழற்ற வேண்டியது ஸ்பார்க் பிளக். இது வெறும் சிக்கனத்துக்காகச் சொல்வது அல்ல. டர்போ காரை ரீமேப் செய்தால் முதலில் திணறுவது பெரும்பாலும் அதுதான். ஒரு வாயுவுக்குள் மின்பொறி பாயத் தேவையான வோல்ட்டேஜ், அந்த வாயுவின் அழுத்தத்தையும் முனைகளின் இடைவெளியையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889-ல் காட்டினார். எஞ்சினுக்குள் நடப்பதும் இதுவே. ரீமேப் என்பது பெரும்பாலும் டர்போ அழுத்தத்தை ஏற்றுவதுதான். உட்குழாயில் மொத்த அழுத்தம் 1.8 பாரிலிருந்து 2.2 பாருக்கு ஏறினால் பிளக் முனையில் காற்றின் அடர்த்தி சுமார் 22 விழுக்காடு கூடும். பொறிக்குத் தேவையான வோல்ட்டேஜும் ஏறக்குறைய அதே அளவு கூடும். பிளக்குக்கு வோல்ட்டேஜ் தரும் காயிலால் அதைத் தர முடியாதபோது பொறி விட்டுப்போகிறது. அதே வோல்ட்டேஜில் பொறி பாய வேண்டுமானால் 0.8 மில்லிமீட்டர் இடைவெளியை 0.65 அளவுக்குக் குறைக்க வேண்டும். நல்ல ட்யூனர்கள் ஃபீலர் கேஜை வைத்து இடைவெளியைக் குறைத்துக் கொடுப்பதன் பின்னணி இந்தக் கணக்குதான். அளவுக்கு மீறிக் குறைத்தால் ஐடிலில் தீப்பொறி சிறுத்து எஞ்சின் நடுங்கும்.

பிளக் மிஸ்ஸிங் ஏன் கியர்பாக்ஸ் கோளாறு போலவே இருக்கிறது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருப்பது மேல் கியரில், குறைந்த சுற்றில், ஏற்றத்தில் காலை அழுத்தும்போது. ஐடிலில் எஞ்சின் பட்டுப் போல ஓடும். நியூட்ரலில் முறுக்கினால் குறையே தெரியாது. கியரில் போட்டுச் சுமை ஏற்றினால்தான் வெட்டும். கியரில் போட்டால்தானே வெட்டுகிறது, அப்படியானால் கியர்பாக்ஸ்தானே என்று முடிவுகட்டுவது இயல்பான தவறு. அங்கே சோதிக்கப்பட்டது கியர் அல்ல, சுமை.

எஞ்சின் கணினியும் மிஸ்ஸிங்கை எண்ணிக்கொண்டிருக்கிறது. கிராங்கோடு சுழலும் பல்சக்கரத்தில் 60 பற்களுக்கான இடத்தில் 58 பற்கள் வைத்து, விடுபட்ட இரண்டின் வெற்றிடத்தை அடையாளமாகக் கொள்வது பரவலான முறை. ஒவ்வொரு பல்லும் உணரியைக் கடக்கும் நேரத்தை அளந்து, எந்தச் சிலிண்டரின் முறையில் கிராங்க் சற்றே தயங்கியது என்று கணினி கண்டுபிடிக்கிறது. ஸ்கேனரில் தெரியும் கோளாறுக் குறியீடு பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0300 என்றால் இன்னதென்று சொல்ல முடியாமல் பலவற்றில். பந்தய ஆசையில் எடை குறைந்த ஃபிளைவீல் மாட்டிய காரில் இந்தக் கணக்கே பிறழக்கூடும். கிராங்க் எளிதில் துள்ளுவதால் இல்லாத மிஸ்ஸிங்கைக் கணினி பதிவுசெய்யும். பி0700 என்ற எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம். கியர்பாக்ஸின் கணினி தன்னிடம் ஏதோ பதிவு வைத்திருக்கிறது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே என்ன பதிவு என்பதை கியர்பாக்ஸ் கணினிக்குள்ளேயே போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

அடுத்த சந்தேகம் காற்று. எஞ்சினுக்குள் போகும் காற்றைச் சூடான கம்பி ஒன்றின் மூலம் அளக்கும் உணரி பல கார்களில் உண்டு. உணரி பார்ப்பது தன்னைத் தொட்டுப் போகும் காற்றின் வேகத்தைத்தான். குழாயின் குறுக்களவைக் கணினி ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறது. 70 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 76 மில்லிமீட்டர் குழாய் மாட்டினால் பரப்பு சுமார் 18 விழுக்காடு கூடும். அதே காற்று மெதுவாகப் போகும். கணினி அதை 15 விழுக்காடு குறைவாக எடுத்துக்கொண்டு பெட்ரோலையும் அந்த அளவுக்குக் குறைக்கும். சைலன்சர் குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி இதைக் கவனித்து ஓரளவு ஈடுகட்டும். ஈடுகட்டும் அளவு எவ்வளவு என்பது ஃபியூயல் டிரிம் என்ற எண்ணாக ஸ்கேனரில் தெரியும். அது நிரந்தரமாக 15, 20 விழுக்காடு கூட்டலில் நின்றால் காற்றுக் கணக்கு தவறு என்று பொருள். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்களில் எண்ணெயை அளவுக்கு மீறித் தடவினால் அது அந்தக் கம்பியில் படிந்து இதே வினையைச் செய்யும்.

கியர் மாற்றும் நேரத்தில் மட்டும் வரும் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. அது பலரை ஏமாற்றியிருக்கிறது. டர்போ கார்களில் ‘புஸ்’ என்ற ஓசைக்காகவே காற்றை வெளியே விடும் வால்வு மாட்டுவார்கள். காலை எடுத்ததும் குழாயில் தேங்கும் அழுத்தக் காற்று பழையபடி உள்ளே திரும்பாமல் வெளியே போய்விடும். அந்தக் காற்றை உணரி ஏற்கெனவே எண்ணிவிட்டது. அதற்குரிய பெட்ரோலைக் கணினி ஊற்றுகிறது. எரிக்கக் காற்று இல்லை. ஒரு கணம் எஞ்சின் மூச்சுமுட்டுகிறது. கியர் விழும்போது உதைக்கிறது என்று கார் பட்டறைக்கு வரும். பழைய வால்வைத் திருப்பி மாட்டினால் கியர்பாக்ஸ் ‘சரியாகிவிடும்’. காற்றை எண்ணாமல் குழாய் அழுத்தத்தை மட்டும் பார்க்கும் கார்களில் இந்தச் சிக்கல் பொதுவாக வருவதில்லை.

பெட்ரோலையும் கேட்க வேண்டும். இந்தியாவில் சாதாரணப் பெட்ரோலோடு அதைவிட அதிக ஆக்டேன் கொண்ட வகைகளும் விற்கப்படுகின்றன. அதிக ஆக்டேனை நம்பி எழுதிய ரீமேப்பில் அவசரத்துக்குச் சாதாரணப் பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் தட்டத் தொடங்கும். தட்டலை நாக் உணரி கேட்டதும் கணினி பொறியைப் பின்தள்ளும், டார்க் விழும், தட்டல் நிற்கும், கணினி மெல்லப் பழைய நிலைக்கு வரும், மறுபடி தட்டும். இந்தச் சுழற்சியை ஓட்டுபவர் இழுப்பும் விடுப்புமாக உணர்கிறார்.

மெதுவான வெட்டு தனி வகை. வினாடிக்கு இரண்டு முதல் எட்டு முறை வரை, முதல் இரண்டு கியர்களில், காலை வைத்ததும் எடுத்ததும் கார் முழுவதுமே முன்னும் பின்னும் ஊசலாடும். ஆக்சில்கள் முறுகி நிமிரும் கம்பிச்சுருள் போல நடந்துகொள்கின்றன. காரின் எடை ஒரு முனையில், எஞ்சினின் சுழலும் எடை மறுமுனையில். கியர் பற்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியைத் தாண்டி எதிர்ப்பக்கப் பல்லில் மோதும்போது இந்த ஊசல் தொடங்குகிறது. இது எல்லாக் கார்களிலும் உண்டு. காலால் மிதித்த வேகத்தில் டார்க்கைத் தராமல், அந்த இடைவெளியை மெல்லக் கடக்கவைத்து, ஊசல் தொடங்கினால் எதிர்த்திசையில் பொறியை நகர்த்தி அடக்கும் வேலையைத் தொழிற்சாலை மென்பொருள் ஓசையில்லாமல் செய்கிறது. கார் சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டும் என்று பெடலுக்கும் கணினிக்கும் நடுவே மாட்டும் பெட்டிகளும், அவசரமாக எழுதிய ரீமேப்களும் கெடுப்பது இந்த மென்மையைத்தான். அதோடு எஞ்சின் மவுண்டிங் ரப்பரைக் கடினமான பாலியூரித்தேனுக்கு மாற்றியிருந்தால், முன்பு ரப்பர் விழுங்கிய உதறல் முழுவதும் கேபினுக்குள் வரும். இங்கே எதுவும் உடையவில்லை, எதையும் இறக்க வேண்டியதில்லை. பெடலோடு மாட்டிய அந்தப் பெட்டியைக் கழற்றி ஒரு நாள் ஓட்டினாலே விடை கிடைக்கும்.

காரைத் தாழ்த்தியவர்கள் ஆக்சில் கோணத்தையும், தூக்கியவர்கள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணத்தையும் மாற்றியிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஷாஃப்டிலுள்ள சிலுவை இணைப்பு கோணத்தில் சுழலும்போது சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டும். சஸ்பென்ஷனைத் தூக்கினால் அந்தச் சமன் குலைகிறது.

இத்தனையும் பார்த்த பிறகும், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடத்தில் வரும் கோளாறு மிச்சமிருக்கும். மாற்றியமைத்த ஆட்டோமேட்டிக் கார்களில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே.

2013-ல் இந்தியாவில் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ நல்ல எடுத்துக்காட்டு. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். அதோடு டிஎஸ்ஜி எனப்படும் ஏழு கியர் ஆட்டோமேட்டிக். டிக்யூ200 என்ற குறியீடு கொண்ட, இரண்டு உலர் கிளட்ச் உள்ள பெட்டி. அது தாங்கும் உச்ச டார்க் 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்த போலோக்கள் 200-ஐத் தாண்டுவது வழக்கம். அப்படியும் 250-க்குள்தானே, கவலை எதற்கு என்று தோன்றும். அது சரியல்ல.

கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதை கியர்பாக்ஸ் கணினி தானாக அளந்து முடிவுசெய்வதில்லை. ‘இந்தக் கணத்தில் நான் இவ்வளவு டார்க் தருகிறேன்’ என்று எஞ்சின் கணினி கேன் என்ற தகவல் தடத்தின் வழியாகத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. போஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. அந்த எண்ணோடு சிறு உபரியைச் சேர்த்து கியர்பாக்ஸ் கிளட்சை அழுத்துகிறது. கியர் மாறும் நேரத்தில், ‘கொஞ்சம் டார்க்கைக் குறை’ என்று அது எஞ்சினிடம் கேட்கும்; எஞ்சின் குறைத்துத் தரும். சீராக எழுதிய ரீமேப் இந்த உரையாடலைக் காப்பாற்றும். அரைகுறையாக எழுதியது, பாதுகாப்பு எல்லைகள் குறுக்கிடாமல் இருக்க, டார்க் கணக்கிடும் அட்டவணைகளையே நெருக்கிவிடும். எஞ்சின் 230 தந்துகொண்டு 180 என்று சொல்லும். கியர்பாக்ஸ் அதை நம்பி 180-க்கு ஏற்றபடி பிடிக்கும். கிளட்ச் வழுக்கும், சூடாகும், உராய்வுத் தகடு பளபளப்பேறிப் பிடிப்பை இழக்கும். கியர் விழும்போது குறைப்பதாகச் சொன்ன டார்க்கும் உண்மையில் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது, ஆகவே உதைக்கும். இரும்பில் எந்தக் குறையும் இல்லாத பெட்டி, பொய்யான எண்ணால் பாழாகிறது. ரீமேப் செய்தவரிடம் அசல் ஃபைல் இருக்கிறதா என்று கேட்டு, அதை ஏற்றி, அதே சாலையில் ஓட்டிப் பார்க்காமல் டிஎஸ்ஜியைத் திறப்பது முறையல்ல.

மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்வதும் இதில் அடக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், அதையொட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் கடுமையான எல்லை வகுத்திருக்கின்றன. வாரண்டி போய்விடும் என்ற அச்சம் வேறு. அதனால் பலர் ரீமேப்பை மறைத்துவிடுகிறார்கள். அசல் கார் என்று நினைத்துப் பார்ப்பவர் அசல் காரின் கோளாறுகளையே தேடுவார்.

கியர்பாக்ஸ் எப்போதும் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோக்கஸ் கார்களில் வந்த பவர்ஷிஃப்ட் பெட்டியும் இரட்டை உலர் கிளட்ச் வகையே. உள் அச்சின் சீல் கசிந்து எண்ணெய் உலர் கிளட்சில் படிந்ததால் கார்கள் நடுங்கின. ஆஸ்திரேலியாவில் புகார் சொன்ன வாடிக்கையாளர்களிடம், நடுக்கத்துக்குக் காரணம் அவர்கள் ஓட்டும் விதமே என்று அடிக்கடி சொல்லப்பட்டது. அந்நாட்டின் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடர்ந்து, 2018-ல் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. டிக்யூ200-க்கும் வரலாறு உண்டு. 2013 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சியின் நுகர்வோர் தின நிகழ்ச்சி அதைக் கடுமையாக விமர்சித்த சில நாட்களில் அங்கே 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களில் செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்ற ஃபோக்ஸ்வேகன் முடிவுசெய்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று நகரும் நெரிசலில், பழைய எண்ணெய் மின்கோளாறுக்கு இடம் கொடுத்ததே காரணம்.

டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்குகளுக்கு அடையாளம் வேறு. 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், லேசாக மிதித்துப் போகும்போது, சாலையில் வரிவரியாக மேடுகள் இருப்பது போல இரண்டொரு வினாடி அதிரும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் ஒட்டி ஒட்டி வழுக்குவதுதான் அது. வயலின் தந்தியில் வில் ஒட்டி விடுபடுவதும் இதே இயற்பியல். வழுக்கும் வேகம் கூடக்கூட உராய்வும் கூடினால் கிளட்ச் அமைதியாகச் சேரும்; உராய்வு குறைந்தால் ஒட்டி விடுபட்டு நடுங்கும். எண்ணெயிலுள்ள உராய்வு மாற்றிகள் முதல் நிலையைக் காக்கின்றன. அதிக டார்க்கும் வெப்பமும் அவற்றைச் சீக்கிரம் தீர்த்துவிடுகின்றன. அதிரும்போது வலக்காலை ஆக்சிலரேட்டரில் அப்படியே வைத்து, பிரேக்கின் சுவிட்ச் விழும் அளவுக்கு மட்டும் இடக்காலால் மெல்லத் தொட்டால் லாக்-அப் விடுபடும். அந்தக் கணமே அதிர்வு நின்றால் சந்தேகம் உறுதியாகிறது. பின்னால் வண்டி இல்லாத சாலையில்தான் இதைச் செய்ய வேண்டும். சரியான வகை எண்ணெயை மாற்றியதில் குணமான பெட்டிகள் நிறைய.

இரட்டை கிளட்ச் பெட்டியில் குற்றம் உள்ளேதான் என்று உறுதியான பிறகும், எந்தக் கிளட்ச் என்று திறக்காமலே சொல்லலாம். டிக்யூ200-ல் 1, 3, 5, 7 ஆகிய கியர்கள் ஒரு கிளட்சிலும் 2, 4, 6, ரிவர்ஸ் நான்கும் மற்றொன்றிலும் ஓடுகின்றன. நெரிசலில் இரண்டாவது கியரில் நடுங்கும் கார், சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் நடுங்கி, முதலாவதில் பட்டுப் போலக் கிளம்பினால், இரட்டைப்படைக் கியர்களின் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி என்றால் இரண்டு கிளட்சும் ஒரே நேரத்தில் கெட்டிருப்பது அரிது. டூயல் மாஸ் ஃபிளைவீலையோ எஞ்சினையோ மறுபடி பார்க்க வேண்டும். புதிய கிளட்ச் மாட்டியதும் ஸ்கேனர் மூலம் அடிப்படை அமைப்பை ஓட்டி, தகடுகள் எங்கே தொடுகின்றன, எங்கே முழுதாகப் பிடிக்கின்றன என்பதைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தப் பாடம் நடக்கும்போது எஞ்சினில் இருக்க வேண்டியது தொழிற்சாலை ஃபைல். இல்லையேல் புதுக் கிளட்சும் பழைய பொய்யையே நம்பி ஓடத் தொடங்கும்.